கறுப்பின மியூசிக் டீச்சிங் ஆர்டிஸ்ட்களுக்கு ஒரு ரெசிடென்சி பெலோஷிப் பாத்தேன், நம்ம மலையகத் தேயிலத் தோட்டப்பக்கம் இப்படி ஒன்னு நடத்த ஏலுமா?

தப்புக்குச்சி (பொகவந்தலாவ)

எல்லாருக்கும் வணக்கம், கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கூட்டாளி ஒருத்தன் வட்ஸ்அப்ல ஒரு விசயம் அனுப்பினான். அமெரிக்காவுல இளம் கறுப்பின மியூசிக் டீச்சிங் ஆர்டிஸ்ட்களுக்குன்னே ஒரு ரெசிடென்சி பெலோஷிப் இருக்காம். அதாவது வாசிக்கத் தெரியும், பாடத் தெரியும், அதோட புள்ளைங்களுக்கு சொல்லியும் குடுப்பாங்க, ஆனா இந்த வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகல. அந்த மாதிரி ஆக்கள ஒரு எடத்துல நிலையா வச்சு, சொல்லிக்குடுக்கிற வேலைக்கே சல்லியும் தந்து, கூட ஒரு மூத்த ஆளையும் வழிகாட்டியா போடுறாங்க. "மச்சான் நாங்களும் கறுப்புதானே, போட்டு விடு"ன்னு சிரிக்கிற பொம்மையோட அனுப்பியிருந்தான். அவன் பகிடிக்கு அனுப்பினான், எனக்கு அது மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு.

என்னப்பத்தி சொல்லணும்னா, பகல்ல டவுன்ல கொமினிகேஷன் ஒன்னுல வேல, போட்டோ கொப்பி, ரீலோட், பில்லு கட்டுறது இதெல்லாம். பின்னேரம் தோட்டத்துப் புள்ளைங்களுக்கு தப்பும் (பறை மாதிரி தோல் மேளம்) பாட்டும் சொல்லிக்குடுக்கிறேன். ஏ/எல்ல நாடகமும் அரங்கியலும் செஞ்சேன், கெம்பஸ் கெடைக்கல. தப்பு படிச்சது எங்க பெரியப்பாகிட்ட, அவரு காமன் கூத்து மாஸ்டர், மாசியில காமன், ரதி கதைய ஆடுற கூத்து அது. வகுப்பு நடக்கிறது பழைய பிள்ளைக்காம்பராவுல (வேலைக்கு போறவங்க சின்னப் புள்ளைங்கள விட்டுட்டுப் போற கட்டடம்), இப்ப அத யாரும் பாவிக்கிறது இல்ல, கூரையில ஒரு பக்கம் ஒழுகும். மழைக்காலத்துல தோல் தளந்து போயிரும், தப்பு காய்ச்ச வெளிய நெருப்பு மூட்டணும், வெறகு ஈரம், புள்ளைங்க எல்லாம் பொகையில இருமிக்கிட்டு நிக்கும், தப்பு சூடாகி சத்தம் ஏறுறதுக்குள்ள பாதி நேரம் போயிரும்.

எனக்கு எரிச்சல் என்னன்னா, நம்மள கூப்பிடுறவங்க எல்லாம் விழாவுக்குதான் கூப்பிடுறாங்க. யாராச்சும் பெரிய ஆள் வாறார்னா "தப்பு செட்ட கூட்டிக்கிட்டு வா தம்பி, ரோட்டுல இருந்து மேடை வரைக்கும் அடிச்சுக்கிட்டு வரணும்". அதுக்கு ஏதோ கைச்செலவுக்கு தருவாங்க, சோத்துப் பார்சல் தருவாங்க. சொல்லிக்குடுக்கிறதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் அஞ்சு சதம் தந்தது இல்ல. அதனாலதான் அந்த அறிவித்தல் எனக்கு அதிசயமா இருந்துச்சு. அங்க மேடையில ஏறுறதுக்கு இல்ல, வகுப்புல நிக்கிறதுக்கு சம்பளம்.

கேக்க வேண்டியது ரெண்டு. ஒன்னு, நம்மள மாதிரி ஆக்கள் அதுக்கு போடலாமா? ரெண்டாவது, ஏலாதுன்னா அந்த மாதிரி ஒன்ன இங்க சின்ன அளவுல நம்மளே செய்யுறதுன்னா எங்க இருந்து தொடங்குறது?


டிக்கோயா டு நியூஜேர்சி

தம்பி, மொதல் கேள்விக்கு மறுமொழி சுருக்கமா சொல்றேன், போடாதீங்க. அது அமெரிக்காவுல இருக்கிற கறுப்பின ஆக்களுக்கு, அவங்க பட்ட பாட்டுல இருந்து அவங்களுக்காக வந்த சாமான். "நாங்களும் கறுப்பு"ன்னு அதுக்குள்ள பூருறது சரி இல்ல, பகிடிக்கு சொன்னாலும். நம்ம கத வேற, அத நம்ம பேர்லயே கேக்கலாம். வெளிநாட்டுல படிக்கணும்னு ஆச இருந்தா அமெரிக்காவுல படிக்க ஸ்கொலர்ஷிப் குடுக்கிற புல்பிரைட் கமிஷன் கொழும்புல 1952ல இருந்து இருக்கு, ஆனா அதுக்கு டிகிரியும் இங்கிலீசும் வேணும், உங்களுக்கு இப்ப வேண்டியது அது இல்லன்னு நெனக்கிறேன்.

ஆனா அது ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க, நமக்கு உதவும். எங்க மகள் இங்க ஸ்கூல் ஓர்கெஸ்ட்ராவுல வயலின் வாசிக்கிறா, அதனால இந்தக் கதையெல்லாம் கொஞ்சம் தேடி வாசிச்சேன். 2014 கணக்குப்படி அமெரிக்க ஓர்கெஸ்ட்ராக்கள்ல வாசிக்கிறவங்கள்ல கறுப்பின ஆக்கள் 1.8 சதவீதம்தான், அத சொன்னது ஓர்கெஸ்ட்ராக்களோட சங்கமே. சனத்தொகையில அவங்க 13 சதவீதம் அளவுல இருக்காங்க. ஸ்கூல் மியூசிக் டீச்சர் லைசன்சுக்கு பரீட்சை எழுதினவங்கள்ல 86 சதவீதம் வெள்ளைக்காரங்க, கறுப்பினத்தவங்க 7 சதவீதம்னு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஜாஸ், புளூஸ், கொஸ்பல், ஹிப்ஹொப்னு ஒலகமே கேக்குற மியூசிக்க குடுத்த சனம், ஆனா அத சொல்லிக்குடுக்கிற கதிரையில அவங்க இல்ல. ஏன்னா மியூசிக் டிகிரிக்கு உள்ள போகணும்னா ஓடிஷன், அந்த ஓடிஷன்ல கேக்குறது பெரும்பாலும் ஐரோப்பிய கிளாசிக்கல், அத சின்ன வயசுல இருந்தே சல்லி குடுத்து தனியா படிச்சிருக்கணும். சேர்ச்ல பாடி வளந்த பொடியன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் வாசல்லயே நிப்பான். நம்ம பக்கம் கர்நாடக சங்கீதம் படிச்சவங்களுக்கு ஒரு பாதை இருக்கு, பெரியப்பாகிட்ட தப்பு படிச்சவனுக்கு என்ன பாதை இருக்குன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்னு சொல்றேன், இதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. நாஷ்வில்ல பிஸ்க்னு ஒரு யூனிவசிட்டி, அடிமைத்தனம் ஒழிஞ்ச கையோட 1866ல விடுதலையான சனத்துக்காக தொடங்கினது. அது கடன்ல மூடப் போற நெலமைக்கு வந்தப்ப 1871ல அவங்க மியூசிக் மாஸ்டர் ஒரு சின்ன பாட்டுக் குழுவ ஊர் ஊரா கூட்டிக்கிட்டு போனாரு. ஜூபிலி சிங்கர்ஸ்னு பேரு. அவங்க பாடி சேத்த சல்லியிலதான் ஜூபிலி ஹோல்னு பெரிய கட்டடமே எழும்பிச்சு. ஆனா அடிமைக் காலத்துப் பாட்டுகள வெளி ஆக்களுக்கு முன்னாடி பாட அந்தப் புள்ளைங்களுக்கே மொதல்ல மனசு இல்ல. அந்தக் குழுவுல பியானோ வாசிச்ச ஒரு பொண்ணு, பேரு எல்லா ஷெப்பர்ட் (Ella Sheppard), அவங்க இதப்பத்தி எழுதி வச்சிருக்காங்க, அந்தப் பாட்டெல்லாம் அடிமைத்தனத்தோட சேந்தது, பெத்தவங்க கும்பிட்டுப் பாடினது, மேடைக்கு கொண்டு போறத நெனச்சுக் கூட பாக்கலன்னு. நம்ம பக்கம் தப்ப கையில தொட கூச்சப்படுற புள்ளைங்கள நான் பாத்திருக்கேன், அதான் சொல்றேன்.

பெலோஷிப்னு வந்தா, ரோசன்வோல்ட்னு ஒரு வியாபாரி, சியர்ஸ்னு அமெரிக்கக் கடைக் கம்பனிய பெருசாக்கினவரு. அவரோட நிதியில இருந்து 1928ல தொடங்கி 1948 வரைக்கும் கறுப்பின கலைஞர், எழுத்தாளர், படிச்சவங்களுக்கு பெலோஷிப் குடுத்தாங்க. கேத்தரின் டன்ஹம் அந்த சல்லியிலதான் ஹெயிட்டி, ஜமேக்கா எல்லாம் போயி அந்த ஊரு ஆட்டங்கள படிச்சிக்கிட்டு வந்து பின்னாடி நியூயோர்க்ல நடனப் பள்ளியே தொடங்கினாங்க. அதே ஆள் தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின புள்ளைங்களுக்கு கிட்டத்தட்ட 5000 பள்ளிக்கூடம் எழும்ப உதவினாரு, ஆனா முழு சல்லியும் அவரு போடல, ஊர்ச் சனமும் தங்களால ஏலுமான காசோ காணியோ கூலி வேலையோ போடணும். அத ஒரு பக்கம் குறிச்சு வச்சுக்கோங்க.

ரெசிடென்சின்னா ஏதோ பங்களாவுல போயி தங்குறதுன்னு நெனச்சுறாதீங்க. ரோட் ஐலண்ட்ல பிராவிடன்ஸ்னு டவுன்ல 1997ல கொம்யூனிட்டி மியூசிக்வர்க்ஸ்னு ஒன்னு தொடங்கினாங்க, வசதி இல்லாத ஆக்கள் இருக்கிற பகுதியில ஒரு கடை அறைய எடுத்து, வாசிக்கிறவங்களே அங்க நிலையா இருந்து அந்தத் தெருப் புள்ளைங்களுக்கு சும்மா சொல்லிக்குடுத்தாங்க, அவங்களே அந்தப் பகுதியில கச்சேரியும் வாசிச்சாங்க. பிறகு இளம் ஆக்கள எடுத்து இந்த வேலைய பழக்குற பெலோஷிப்பும் வச்சாங்க. ஒங்க பிள்ளைக்காம்பராவுக்கும் அந்தக் கடை அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல தம்பி, கூரைய தவிர.


கொட்டகலை டீச்சர்

தம்பி தப்புக்குச்சி, நான் அழகியல் பாடம்தான் படிப்பிக்கிறேன், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில படிச்சவ. டிக்கோயா அண்ணே சொன்ன அந்த ஷெப்பர்ட் கத என்ன ஒரு பாட்டம் உலுக்கிருச்சு, ஏன்னா இதே கத எங்க ஸ்கூல்ல நடந்துச்சு.

தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு குழு நிகழ்ச்சி செய்ய வேண்டி இருந்துச்சு, நான் தப்ப வச்சு ஒன்னு போடலாம்னு பாத்தேன். ரெண்டாம் நாளே ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க, "எங்க புள்ள சாவு மேளம் அடிக்கவா டீச்சர் ஸ்கூலுக்கு வருது"ன்னு. இன்னொருத்தர் நேரா சாதியவே சொன்னாரு, அது இன்னார் அடிக்கிறது, நாங்க அடிக்க மாட்டோம்னு. லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) ஒரே சுவரு, பீலிக்கரையில ஒரே தண்ணி, ஆனா குச்சிய கையில எடுக்கும்போது மட்டும் யாரு எவர்னு ஞாபகம் வந்துருது. இத பேசாம எந்த பெலோஷிப்பும் இங்க நடக்காது, ஒங்களுக்கு சம்பளம் குடுக்க ஆள் கெடச்சாலும் வகுப்புக்கு ஒரு பக்கத்து புள்ளைங்க மட்டும்தான் வரும். நல்லா பாருங்க, இப்ப ஒங்க வகுப்புல யாரு வர்றதில்லன்னு.

நான் என்ன செஞ்சேன்னா, தப்ப கொஞ்ச நாளைக்கு அலுமாரியில வச்சுட்டு பாட்டுல இருந்து தொடங்கினேன். தாலாட்டு, கும்மி, கொழுந்து எடுக்கிற பாட்டு, கங்காணிய கிண்டல் பண்ற பாட்டு. ஒவ்வொரு புள்ளையும் வீட்டு ஆயாகிட்டயோ அப்பாயிகிட்டயோ ஒரு பாட்ட போன்ல ரெக்கோர்ட் பண்ணிக்கிட்டு வரணும்னு சொன்னேன். எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை ஐயா தோட்டந்தோட்டமா போயி நம்ம பாட்டுகள சேத்தாரு, அத புள்ளைங்களுக்கு சொன்னேன், அவரு செஞ்ச வேலையதான் நீங்களும் செய்யுறீங்கன்னு. பாட்டு வந்ததும் அதுக்கு அடி வேணும்னு புள்ளைங்களே கேட்டுச்சு. மொதல்ல மேசையில தட்டினாங்க, பிறகு தப்பு தானா வந்துச்சு. அந்த அம்மா கடைசி வரைக்கும் விடல, அதையும் சொல்லணும், அவங்க புள்ள பாட்டுக்கு மட்டும் நின்னுச்சு.

பொம்பளப் புள்ளைங்க விசயம். பின்னேரம் இருட்டினா அனுப்ப மாட்டாங்க, அவங்கள குத்தம் சொல்லவும் ஏலாது, பாதையில லைட் இல்ல, அட்டை, சிறுத்த பயம் வேற. நீங்க ஆம்பள ஆள், பழைய கட்டடம், தனியா. அதனால கூட ஒரு அக்காவோ அம்மாவோ எப்பவும் இருக்கணும், கதவு தெறந்து இருக்கணும், சனிக்கிழம காலையில ஒரு வகுப்பு வைங்க. அவங்களுக்கு ஏன் தப்புன்னு யாராச்சும் கேட்டா மீனாட்சி அம்மையார் பேர சொல்லுங்க. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரோட மனைவி, 1930கள்ல இருந்தே தோட்டத்துக் கூட்டங்கள்ல அவங்க பாடின பாட்டுக்கு சனம் கூடும். தோட்டத்த நடத்துற துரைமாருக்கு எதிரா ஒரு பொம்பள பாட்டு எழுதி பாடி புத்தகமும் போட்ட ஊரு இது.

தோல் விசயம், பைபர் போட்ட தப்பு இப்ப வாங்கலாம், நெருப்பு தேவ இல்ல. சத்தம் கொஞ்சம் தகரம் மாதிரிதான் இருக்கும், பெரியப்பாவுக்கு புடிக்காது, பழக்குறதுக்கு போதும். விழாவுக்கு தோல் தப்ப எடுங்க.


மஸ்கெலியா பழசு

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் கொஞ்சம் குறுக்க பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

இந்த பெலோஷிப் கிலோஷிப் எல்லாம் இல்லாமதான் எங்க காலத்துல காமன் கூத்து நடந்துச்சு. மாசி அமாவாச கழிஞ்சு மூனாம் பிறைக்கு காமன் ஊன்டினா பௌர்ணமி வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் ஆட்டம். காப்பு கட்டின பொடியன் கவிச்சி தொட மாட்டான். ரதி வேசம் கட்டுறவனுக்கு மாஸ்டர் ராவு ராவா அடி சொல்லிக்குடுப்பாரு, லாவணிப் பாட்ட ஒவ்வொரு வரியா சொல்லிக்குடுப்பாரு, பிழைச்சா குச்சியாலயே முட்டியில ஒன்னு விழும். யாரும் சம்பளம் கேக்கல.

இப்ப என்ன நடக்குது? ப்ரொஜெக்ட்னு வாறாங்க. வேன்ல வந்து எறங்கி, பேனர் கட்டி, ரெண்டு நாள் வேர்க்சொப், கடைசி நாள் சர்ட்டிபிகட், புள்ளைங்கள வரிசையா நிப்பாட்டி போட்டோ. அதோட சரி. போன பிறகு அந்த டீசேர்ட்தான் மிச்சம். நீங்களும் அதையே சின்னதா செய்யப் போறீங்களோன்னு பயமா இருக்கு.

இன்னொரு கேள்வி. இளம் ஆக்களுக்கு மட்டும்னு சொன்னா, அந்த இளம் ஆளுக்கு சொல்லிக்குடுத்த கெழவனுக்கு என்ன? தம்பியோட பெரியப்பாவுக்கு மாசம் ஒரு கை மருந்து வேணும், அவரு வித்தையில தம்பி பெலோ ஆவாரு, அவரு திண்ணையில குந்தி பாத்துக்கிட்டு இருக்கணுமா?


தப்புக்குச்சி (பொகவந்தலாவ)

ஐயா, கோவமே இல்ல, கடைசியில கேட்டீங்களே, அது நியாயமான கேள்வி, நான் யோசிக்கவே இல்லாத பக்கம். ஆனா சம்பளம் இல்லாம நடந்துச்சுன்னு சொல்றத முழுசா ஒத்துக்க ஏலாது. பெரியப்பாகிட்ட கேட்டேன். அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு வரி போட்டுதான் காமன் நடந்துச்சு, மாஸ்டருக்கு வேட்டி, துண்டு, அரிசி, கூத்து முடிஞ்சதும் கையில ஒரு தொகை, எல்லாம் தோட்டமே சேந்து குடுத்திருக்கு. தொரைகிட்ட பேசி வேலையில இருந்தும் கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்காங்க. சம்பளம்னு பேர் இல்ல, அவ்வளவுதான். அதவிட பெருசு, மாஸ்டரும் பழகுற பொடியனும் ஒரே லயம், காலையில வேலைக்கு பேர் குடுக்கிற ஒரே பிரட்டுக்களம், ராவுல ஒரே திடல். வருசம் முழுக்க அவரு அங்கயே இருந்தாரு. டிக்கோயா அண்ணே சொன்ன பிராவிடன்ஸ் ஆக்கள் கடை அறை எடுத்து செஞ்சது அதத்தானே.

இப்ப எங்க டிவிசன்ல என் வயசு பொடியனுங்கள்ல பாதி பேர் கொழும்புல கடையில, ஹோட்டல்ல, தீபாவளிக்கு வருவாங்க, மாசிக்கு வர முதலாளி லீவு குடுக்க மாட்டாரு. நானும் கொமினிகேஷன் வேலைய விட்டுட்டு கொழும்பு போறதா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். போயிட்டா வகுப்பு அன்னையோட நின்னுரும். அதனாலதான் சல்லி கேக்குறேன், ஆடம்பரத்துக்கு இல்ல.

டீச்சர், நீங்க கேட்டத பாத்தேன். மேல் லயத்துப் புள்ளைங்க ஒருத்தரும் வர்றதில்ல. மழையினாலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாட்டுல இருந்து தொடங்கிப் பாக்குறேன்.


ஹப்புத்தளை காத்து

நான் கலைஞன் இல்ல, ஒரு சின்ன நிறுவனத்துல கணக்கு பாக்குறவன், அதனால கணக்காவே சொல்றேன்.

தோட்டத்துல 2024 வர்த்தமானிப்படி அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 1350ஆ இருந்துச்சு. 25 நாள் வேல செஞ்சா அந்தக் கணக்குக்கு அடிப்படை மட்டும் 33,750, அதுலயும் ஈபிஎப் (சேமலாப நிதி) கழியும். இத ஏன் சொல்றேன்னா தம்பிக்கு குடுக்கிற தொகை இதோட ஒத்துப்பாக்குற மாதிரி இருக்கணும், இல்லன்னா லயத்துல கத கட்டுவாங்க. முழு நேரம் வேணாம், கடை வேல இருக்கட்டும். கிழமைக்கு மூனு பின்னேரம், சனிக்கிழம காலை, இதுக்கு மாசம் 20,000 வைங்க. பெரியப்பாவுக்கு மாசம் 5,000, இது உதவிப் பணம் இல்ல, அவரு மாசத்துல ரெண்டு தடவை வந்து குந்தி வகுப்ப பாத்து திருத்தணும், மஸ்கெலியா ஐயா கேட்டதுக்கு இதுதான் வழி. புள்ளைங்களுக்கு தேத்தண்ணி, பிஸ்கட், கூட நிக்கிற அக்காவுக்கு ஏதாச்சும், அதுக்கெல்லாம் 6,000. மாசம் 31,000, ஆறு மாசத்துக்கு 186,000. பைபர் தப்புக்கும் கூரைத் தகரத்துக்கும் 60,000 ஒதுக்குங்க, ஊருல வெல விசாரிச்சு கூட்டிக் கொறச்சுக்கோங்க. ஆக ரெண்டரை லச்சத்துக்குள்ள அடங்கும். ஒரு விழா மேடைக்கும் சவுண்டுக்கும் செலவழிக்கிறத பாத்தா இது ஒன்னும் இல்ல.

எப்ப தொடங்குறதுன்னா, ஹட்டன் பொகவந்தலாவ பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் அடமழ. நீங்க ஒக்டோபர்ல தொடங்கினா மாசிக் காமனோட முடிக்கலாம், புள்ளைங்களுக்கும் எதுக்காக பழகுறோம்னு தெரியும்.

சல்லி யாருகிட்ட கேக்குறது? பிரதேச செயலகத்துல கலாசார உத்தியோகத்தர் இருக்காரு, மொதல்ல அவர பாருங்க, சல்லி கெடைக்காட்டியும் ஒரு கடிதமாச்சும் கெடைக்கும், சங்கமா பதிஞ்சா பேங்க் கணக்கு தெறக்கலாம். கோயில் கமிட்டி. தோட்டத்துல இருந்து வெளிய போயி நல்லா இருக்கிற ஆக்கள். வீட்டுக்கு வீடு சின்னதா ஒரு தொகை, அந்த அமெரிக்க பள்ளிக்கூட கதையில ஊர்ச் சனம் போட்ட மாதிரி. நூறு ரூவா போட்டவங்க வந்து "என் புள்ள என்ன படிச்சான்"னு கேப்பாங்க, ப்ரொஜெக்ட் வேன்காரங்ககிட்ட யாரும் கேக்குறது இல்ல. வரி போடும்போது மேல் லயத்தையும் சேத்து போடுங்க, கமிட்டியில அந்தப் பக்கத்து அம்மா ஒருத்தரையும் வைங்க, அவங்க சல்லியும் சொல்லும் உள்ள இருந்தாதான் புள்ளைங்களும் வரும்.

கட்சிக்காரங்க, சங்கத்துக்காரங்க சல்லி குடுக்க வந்தா வாங்குறதா இல்லையான்னு நீங்களே முடிவெடுங்க. எங்க பக்கம் ஒருத்தர் குடுத்தாரு, அடுத்த மாசமே புள்ளைங்க அவரு கூட்டத்துல வெயில்ல நின்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. பெலோஷிப் நடக்கிற ஆறு மாசமும் வரவேற்புக்கு தப்பு அடிக்கிறது இல்லன்னு ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க. புள்ளைங்க மொகத்த பேஸ்புக்ல போடுறதும் இல்ல.


மஸ்கெலியா பழசு

இப்படின்னா நான் எதிர்க்க மாட்டேன். ஆனா மாசத்துல ரெண்டு தடவை காணாது. கூத்து ரெண்டு தடவையில வராது. லாவணி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் எங்க பக்கம் இருக்காரு, எழுவது தாண்டிருச்சு, பஸ் செலவு குடுத்தா வருவாரு, நானே கூட்டிக்கிட்டு வாறேன். அவருக்கு வெத்தல மறக்காம வாங்கி வைங்க.


டிக்கோயா டு நியூஜேர்சி

தம்பி, மொதல் மூனு மாசத்து 31,000ங்கள நான் பாத்துக்கிறேன். இங்க எங்க ஊரு ஆக்கள் கொஞ்சம் பேர் இருக்காங்க, மிச்சத்துக்கு அவங்ககிட்ட பேசுறேன், ஆனா வீட்டு வரி கட்டாயம் போடுங்க, அது நூறா இருந்தாலும் சரி. எனக்கு மாசாமாசம் வீடியோ, நன்றி சொல்ற புள்ளைங்க, அதெல்லாம் அனுப்ப வேணாம். யாரு வந்தாங்க, யாரு நின்னாங்க, ஏன் நின்னாங்கன்னு ஒரு கொப்பியில எழுதி வைங்க, காமனுக்கு வரும்போது நான் வாசிச்சுக்கிறேன். டிசம்பர் லீவு இல்ல எனக்கு, மாசிக்குதான் டிக்கட் போடப் போறேன்.


தப்புக்குச்சி (பொகவந்தலாவ)

அண்ணே, என்ன சொல்றதுன்னு தெரியல. இந்த ஞாயித்துக்கிழம கோயில்ல கூட்டம் வைக்கலாம்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன், மேல் லயத்துக்கும் நானே போயி சொல்றேன். பெரியப்பா பைபர் தப்ப கையில தொட மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாரு, அத பிறகு பாத்துக்கலாம்.

டீச்சர், ஒரு விசயம். சனிக்கிழம வகுப்புக்கு பிள்ளைக்காம்பராவ விட ஸ்கூல் ஹோல் வசதி. அதிபருக்கு குடுக்கிற கடிதம் எப்படி எழுதுறது, சோன்லயும் (வலயக் கல்வி ஒபிஸ்ல) பெர்மிசன் எடுக்கணுமா?


கொட்டகலை டீச்சர்

அதிபருக்கு எழுதுங்க, சோனுக்கு ஒரு கொப்பி போடுங்க. என்ன நாள், என்ன நேரம், பொறுப்பா நிக்கிற பெரிய ஆக்கள் ரெண்டு பேரோட பேரு, ஐடி நம்பர், இவ்வளவும் இருக்கணும். பெற்றோர் சம்மதக் கடிதம் தனித்தனியா வாங்கி பின்னால சேத்து தைங்க. தப்புன்னு மட்டும் போடாம மலையக நாட்டார் பாடலும் வாத்தியமும்னு போடுங்க, அதிபர் நல்ல மனுசன்னாலும் மேல இருந்து ஒருத்தர் கேக்கும்போது அவருக்கு சொல்ல ஒரு பதில் வேணும். எழுதிட்டு எனக்கு இன்பொக்ஸ்ல போடுங்க, பாத்து திருத்தி தாறேன்.